சேவல் கழுத்திலிருந்து சால்மன் ஆற்றுக்கு
மலையடிவாரத்து வரலாறு – பகுதி 17

போன பகுதியில் ராஜபாளையம் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர்களைப் பார்த்தோம். அவர்கள் புதருக்குள் பன்றியை விரட்டும்போது காலடியிலிருந்து படபடவென்று எழும்பிப் பறந்திருக்கும் ஒரு பறவை உண்டு. குழம்புக்கு ஆகும் என்பதற்கு மேல் இங்கே யாரும் அதற்கு மதிப்புக் கொடுத்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் அதன் கழுத்துக்கு இருந்த மரியாதையே வேறு. அங்கே ஆற்றில் இறங்கிய பிரபுக்களும் பட்டாளத்து அதிகாரிகளும் அதன் இறகைக் கொக்கியில் கட்டித்தான் பத்து, பதினைந்து கிலோ சால்மனைக் கரையேற்றினார்கள்.

இந்தப் பகுதி மீன்பிடிப்பைப் பற்றியது. ஆண்டு முழுக்க ஓடும் பெரிய ஆறு ஒன்றுகூட இல்லாத ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவின் வரலாற்றில் மீனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை இருக்கிறது. வேட்டையாடித் தின்னும் பெரிய மீன்களைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் உருவாக்கிய கருவிகளில் முக்கியமான இரண்டு பொருள்கள் நம் காடுகளிலும் இருப்பவை. அதே காலத்தில் நம் கண்மாய்களில் ஒரு வேட்டை மீனும், அதைப் பிடிக்கும் முறை ஒன்றும், யாரிடமும் பாடம் கேட்காமல் இருந்துவந்தன.

முதலில் பறவை. சாம்பல் காட்டுக்கோழி. ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியிலோ, செண்பகத்தோப்பிலோ விடிகாலையில் நின்றால் சேவலின் குரல் கேட்கும். வீட்டுச் சேவலின் நீண்ட கூவல் அல்ல அது. நான்கு வெட்டாக வெட்டிவிட்டு நின்றுவிடும். இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை. அபு மலைக்கும் கோதாவரிக்கும் தெற்கே தீபகற்பக் காடுகளில் வாழ்கிறது. பெட்டை, மார்பில் வெள்ளைக் கோடுகளோடு பழுப்பாக, கண்ணில் படாமல் இருக்கும். சேவலின் அழகெல்லாம் கழுத்தில்.

அந்தக் கழுத்து இறகு ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் கனம் அல்ல, கடினம். அடிப்பகுதி வழக்கமான மென்மையான சாம்பல் தூவி. நுனிக்குப் போகப் போக, கருத்த பரப்பில் வெண்மையாக ஒரு பொட்டு, அதற்கும் மேலே மஞ்சளோடிய இன்னொரு பொட்டு. இந்தப் பொட்டுகள் இருக்கும் இடத்தில் இறகின் இழைகள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, கொம்புப் பொருளாலான சின்னத் தகடாக மாறியிருக்கின்றன. நகத்தால் தட்டினால் சத்தம் வரும். வெளிச்சத்தில் பளபளக்கும். தண்ணீரில் நனைந்தாலும் சாயம் போகாது, சுருங்காது. தூண்டில் கொக்கியில் இறகால் பொய்ப்பூச்சி கட்டுபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த உடுப்பு ஆண்டு முழுக்க இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்து ஜூன் வாக்கில் சேவல் இந்தக் கழுத்தைக் கழற்றிவிடும். செப்டம்பர் வரை அந்த இடத்தில் மங்கிய கருப்புச் சிற்றிறகுகள்தான். ஆகவே விலை போகும் கழுத்து வேண்டுமென்றால் சேவல் இணைசேர்ந்து திரியும் பருவத்தையும் சேர்த்துத்தான் கண்ணி வைத்தாக வேண்டும். ஒரு சேவல் போனால் அந்த ஆண்டின் ஈடும் கெடும். இறகு வியாபாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை அதிகம் சொல்வதில்லை.

இந்தப் பறவை ஐரோப்பிய ஏடுகளில் ஏறியது பிரெஞ்சுக்காரர் ஒருவரால். பியேர் சொன்னேரா 1770களில் புதுச்சேரியில் தங்கி, தென்னிந்தியாவின் செடிகொடிகளையும் பறவைகளையும் ஆட்களையும் எழுதியும் வரைந்தும் வைத்தவர். 1782இல் பாரிஸில் வந்த அவருடைய பயண நூலில் காட்டுக்கோழி இடம்பெற்றது. உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை இதுதான் என்றார் சொன்னேரா. 1813இல் டச்சுக்காரர் டெம்மிங்க் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது சொன்னேராவின் பெயரையே வைத்தார். மூதாதைக் கதையைப் பின்னால் டார்வின் மறுத்தார். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள சிவப்புக் காட்டுக்கோழிதான் மூதாதை என்றார். அந்த வழக்கு அதோடு முடியவில்லை. கடைசியில் வருகிறேன்.

இனி மீனுக்குப் போவோம். சாதாரணத் தூண்டிலில் நாம் எறிவது எடையை. ஈயக்குண்டோ இரையோ முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங் என்கிற பொய்ப்பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். கொக்கியில் இறகும் பட்டுநூலும் சுற்றிய பூச்சிக்கு எடையென்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் எடையைக் கயிற்றில் வைத்தார்கள். வண்டிக்காரர் சாட்டையைச் சுண்டுகிற மாதிரி கம்பைப் பின்னால் வீசி, கயிறு முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். வளைந்த கம்பு நிமிரும் விசையில் கயிறு காற்றில் சுருள் பிரிந்து போய், பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்கும். அந்த ஒரு கணப் பொறுமைதான் வித்தை முழுவதும். பொறுக்காதவனுடைய கொக்கி அவனுடைய காதிலேயே மாட்டும்.

சிறிய ட்ரவுட் மீனுக்கு, பறக்கும் பூச்சியைப் பார்த்து அதேபோல் ஒன்று கட்டினால் போதும். சால்மன் விஷயம் வேறு. கடலில் மீன்களைத் துரத்தித் தின்று கொழுத்துவிட்டு, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் ஆற்றில் இரை எடுப்பதே இல்லை. பசியில்லாத மீனைக் கடிக்கவைக்க வேண்டும். கோபமா, பழக்கமா, பழைய நினைப்பா, எதனால் அது பூச்சியைக் கவ்வுகிறது என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. இந்த விடை தெரியாத இடத்தில்தான் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் தங்கள் கற்பனையையும் பணத்தையும் கொட்டினார்கள். சாம்ராஜ்யத்தின் நாலா மூலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இறகுகள் கப்பலேறின: தென் அமெரிக்காவின் டூக்கான், மக்கா கிளி, சீனத்துப் பொன் ஃபெசன்ட், ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழி, கினிக்கோழி. இந்தியாவிலிருந்து மயிலும் நம் காட்டுச்சேவலும்.

1850ஐ ஒட்டி ஜான் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டிய பூச்சி ஒன்று ‘ஜாக் ஸ்காட்’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. உடல் பாதி மஞ்சள் பட்டு, பாதி கருப்புப் பட்டு, மேலே வெள்ளிச் சரிகை, இறக்கை அடுக்கடுக்காக. கடைசியில் தலைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் கன்னம்போல ஒவ்வொரு காட்டுச்சேவல் இறகு. ‘டர்ஹம் ரேஞ்சர்’ என்ற இன்னொரு பெயர்பெற்ற பூச்சியிலும் காட்டுச்சேவல் இல்லாமல் முடியாது. 1895இல் ஜார்ஜ் கெல்சன் சால்மன் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். எந்த ஆற்றுக்கு, எந்த வானிலைக்கு, எந்த நேரத்துக்கு எந்தப் பூச்சி என்று சாஸ்திரம் வகுத்த நூல் அது. அதைப் புரட்டினால் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் நம் பறவையின் பெயர் வரும். சாஸ்திரத்தில் பாதி கடைக்காரர்களுக்காக எழுதப்பட்டது என்பது என் எண்ணம். இன்று சால்மன் பிடிப்பவர்கள் மாட்டுவால் மயிரையும் அணில்வால் மயிரையும் கட்டியே மீனை எடுக்கிறார்கள்.

அப்படியானால் காட்டுச்சேவல் இறகு வெறும் ஆடம்பரமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பெரிய மீன் சின்ன மீனைத் துரத்தும்போது குறிவைக்கும் இடங்களில் கண் முக்கியமானது. கண் இருக்கும் பக்கம் தலை. தலைப்பக்கமாக விழுங்கினால் முள் குத்தாது. காட்டுச்சேவல் இறகின் வெள்ளைப் பொட்டு, ஓடும் நீரில் சிறுமீனின் கண்ணாகத் தெரிகிறது. சின்னப் பூச்சியாகத் தொடங்கிய கலை, வேட்டை மீன் என்று வந்தவுடன் சின்ன மீனாக மாறிவிட்டது. இன்று கடல் பாராவுக்கும் ஐரோப்பியப் பைக் மீனுக்கும் ஆப்பிரிக்கப் புலிமீனுக்கும் கட்டப்படும் கையகலப் ‘பூச்சி’களில் பூச்சியின் சாயல் துளியும் இல்லை. ஆனால் கண் உண்டு. பிளாஸ்டிக்கிலாவது ஒட்டிவிடுவார்கள்.

இரண்டாவது பொருள், மூங்கில். பழைய சால்மன் கம்பு பதினாறு, பதினெட்டு அடி. இரண்டு கையாலும் பிடித்து வீசுவது. தென் அமெரிக்கக் கிரீன்ஹார்ட் மரத்தில் செய்தார்கள், கனம் தோள்பட்டையை வாங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கித் தொழிலாளி மூங்கிலைப் பிளந்து, பட்டைகளாகச் சீவி ஒட்டிக் கம்பு செய்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் அதை ஆறு பட்டையாக்கினார்கள். மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலுக்கு ஒட்டிய நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போகச் சோறு. முக்கோணமாகச் சீவிய ஆறு பட்டைகளைத் தோல் வெளிப்பக்கம் வரும்படி சேர்த்து ஒட்டினால், அறுகோணக் கம்பு முழுக்கத் தோலாலேயே ஆனதாகிவிடும். எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே மாதிரி நிமிரும்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கம்புகளுக்குப் போன மூங்கிலுக்குச் சந்தையில் ‘கல்கத்தா’ என்றே பெயர். கல்கத்தா துறைமுகத்தில் ஏற்றியதால் வந்த பெயர். கல்மூங்கில் என்று நாம் சொல்லும் இனம்தான் அது என்பார்கள். நிமிர்த்துவதற்காக நெருப்பில் வாட்டிய கரித்தழும்பு அதில் இருக்கும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் இன்றும் அந்தத் தழும்பை வைத்தே கம்பின் வயதைச் சொல்கிறார்கள். நம் மலையிலிருந்து வெட்டிப் போனதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் அதே கல்மூங்கில் நம் சரிவிலும் நிற்கிறது. பல பத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசி கொட்டிவிட்டுச் சாகும். அந்த அரிசிக்குத் திரளும் பறவைகளில் முக்கியமானது காட்டுக்கோழி. இருபதாம் நூற்றாண்டில் தென்சீனத்து ‘டோன்கின்’ மூங்கில் வந்து கல்கத்தாவைத் தள்ளிவிட்டது. பிறகு கண்ணாடி இழை, 1970களில் கார்பன் இழை.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கயிறு, பின்னிய பட்டு. ஆளி எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தியது, ஒவ்வொரு மாலையும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு முழ நரம்பு வேண்டும். ஸ்பெயினின் முர்சியாவில் பட்டுப்புழு கூடு கட்டப்போகும் நேரத்தில் அதைப் புளிக்காடியில் போட்டு, வயிற்றிலிருக்கும் பட்டுச் சுரப்பியை உருவி இழுத்து அந்த நரம்பைச் செய்தார்கள். 1930களின் இறுதியில் நைலான் வந்தது. நம் கடைகளில் தங்கூசி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நரம்பு வந்ததும் புழுவுக்கு விடுதலை. கொக்கி இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து; ஊசி செய்த ஊர் கொக்கியும் செய்தது. உருளையும் கம்பும் 1872இல் அல்ன்விக் ஊரில் தொடங்கிய ஹார்டி சகோதரர்கள் கடையிலிருந்து. இன்றைய கணக்கில் கயிற்றின் எடைக்கு ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் உண்டு. ட்ரவுட்டுக்கு நாலு, ஐந்து. பெரிய வேட்டை மீனுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. பல்லுள்ள மீன் என்றால் கொக்கிக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பியும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

இந்தக் கருவிகளோடு சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களில் நமக்கு முக்கியமானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர். தென் கன்னடம் அப்போது சென்னை மாகாணத்துக்குள் இருந்தது; அங்கே கலெக்டராக இருந்தபோது 1870இல் மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1873இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை அச்சிட்டார். இந்தியாவில் தூண்டில் போடும் வெள்ளைக்காரர்களுக்கு அதுவே வேதமாகி, இன்னும் இரண்டு பதிப்புகள் கண்டது. அவருடைய கதாநாயகன் மகசீர். சால்மனைவிட மகசீர் கடுமையாகப் போராடும் என்று துணிந்து சொன்னவர் அவர்.

மகசீருக்குத் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கிறது. நத்தையையும் நண்டையும் அரைக்கும் பல். வாயின் அழுத்தமே இரும்புக் கொக்கியை நசுக்கிவிடும் என்பது அந்தக் காலத்து நூல்களில் திரும்பத் திரும்ப வரும் புகார். கவ்வியதும் அது எடுக்கும் முதல் ஓட்டம் பயங்கரமானது; உருளையில் நூறு கஜத்துக்கு மேல் நூல் இல்லாதவன் வெறும் கம்போடு வீடு திரும்புவான். ஸ்காட்லாந்துக் கணக்கில் வாங்கிய சாமான் இந்திய ஆற்றில் முதல் வாரத்திலேயே பல்லிளித்தது. தடித்த கொக்கி, நீண்ட நூல், பெரிய உருளை என்று தனிச் சாமான் வரிசையே பிறந்தது.

சாதனை மீன்கள் காவிரி நீரில்தான். 1919இல் காவிரியில் ரிவெட்-கார்னக் என்ற மேஜர் பிடித்தது 119 பவுண்டு. 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. மைசூரில் புலித்தோல் பாடம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். இறகுப் பூச்சிக்குச் சின்ன மகசீர், நடுத்தர மகசீர் கவ்வும். காவிரியின் ராட்சத மீன்களுக்கோ பெரும்பாலும் உலோகக் கரண்டி, செத்த மீன், அல்லது கேழ்வரகு மாவு உருண்டை. ஆமாம், களியேதான். காவிரிக் கரையில் மீன்பிடிப்பவர்களிடமிருந்து துரைமார் கற்றுக்கொண்ட இரை அது. இங்கிலாந்தில் காட்டுச்சேவல் இறகுக்கு மயங்கியவர்கள் இங்கே களி உருட்ட உட்கார்ந்தார்கள்.

அந்த ராட்சத மீனுக்கு விஞ்ஞானப் பெயரே நிச்சயமில்லாமல் நெடுங்காலம் கிடந்தது. அமராவதியின் கிளையான பாம்பாற்றில் கண்டறிந்து, சென்னை விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியலாளர் ரெமாதேவியின் பெயரைச் சூட்டிய இனமும், காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது. அணைகள், வெடி வைத்து மீன்பிடித்தல், குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்ட வேறொரு மகசீர் இனம், எல்லாம் சேர்ந்த விளைவு.

நம் பக்கம் திரும்புவோம். முடங்கியாறு ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் தரும். பெரிய மகசீருக்கு ஓட இடம் தராது. வடகிழக்குப் பருவமழையில் பொங்கி, கோடையில் பாறைக் கயங்களாகச் சுருங்கிவிடும் ஓடைகள் நம்முடையவை. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்வது கண்மாய்களுக்கு. நம் வேட்டை மீன் அங்கே இருக்கிறது: விரால்.

தாமஸும் இதைக் கவனிக்காமல் இல்லை. ஆறில்லாத ஊர்களில் மாற்றலாகிச் சலித்துக் கிடக்கும் அதிகாரிகளுக்காக, 1887இல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. 1910இல்தான் புதிய ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது. பெரிய ஆற்றை எதிர்பார்த்து வந்த வெள்ளைக்காரர் இந்தத் தாலுகாவில் தன் கம்பை உறையிலேயே வைத்திருக்க வேண்டியதுதான்.

காரணம் எளிது. பொய்ப்பூச்சி வீசுபவனுக்கு முதுகுப்பக்கம் இருபது கஜம் வெட்டவெளி வேண்டும். கண்மாய்க் கரையில் முன்பு நாட்டுக்கருவேலம் நின்றது; இப்போது சீமைக்கருவேலம். பின்னால் வீசிய கொக்கி முன்னால் வராது. முன்பக்கமோ தாமரையும் பாசியும். விரால் இருப்பது அதற்குள்ளே. அது சால்மன் மாதிரி நூறு கஜம் ஓடாது. ஒரே அடி அடித்து, கவ்வி, கொடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். நூல் நீளமாக இருந்தால் போச்சு.

நம் ஆட்கள் இதற்குக் கண்ட வழி தவளைத் தூண்டில். கெட்டியான மூங்கில் கம்பு, கம்பின் நீளத்துக்கு மேல் போகாத முறுக்கு நூல், தடித்த ஒற்றை முள். கட்டைவிரல் அளவுத் தவளையை முதுகுத்தோலில் மட்டும் குத்துவார்கள். சாகக்கூடாது, காலை உதறி நீந்த வேண்டும். தக்கை கிடையாது, ஈயம் கிடையாது. கரையில் மெல்ல நடந்துகொண்டே, பாசிக்கு நடுவே கண் திறந்திருக்கும் தண்ணீரில் தவளையைத் தொட்டும் தொடாமலும் ஆடவிட வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. விரால் வரும்போது பாசி ஒரு பக்கம் விலகும். பிறகு ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். கற்றுக்குட்டி உடனே இழுப்பான்; தவளை மட்டும் திரும்பி வரும். தெரிந்தவர் ஒரு மூச்சு விட்டு, விரால் வாயை மூடித் திரும்பும் நேரத்தில் வெட்டி இழுத்து, நூலுக்கு இளக்கமே கொடுக்காமல் கரையில் எறிவார். சால்மன்காரரிடம் உருளை, பின்கயிறு, கையாள் எல்லாம் உண்டு. இங்கே போராட்டம் மூன்று நொடி.

விராலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னால் தப்பில்லை. 1793இல் ஜெர்மானியர் ப்ளோக் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். தரங்கம்பாடி மிஷனரி ஜான் அனுப்பிய தென்னிந்திய மீன்கள் பலவற்றை ஆராய்ந்தவர் அவர். விரால் காற்றைச் சுவாசிக்கும். மேலே வந்து ஒரு வாய்க் காற்று குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கண்மாய் அழியும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில், கெண்டையும் ஜிலேபியும் முடிந்த பிறகும் காலால் சேற்றைத் துழாவிக்கொண்டு நிற்பவர்கள் விராலுக்காக நிற்கிறார்கள்.

குஞ்சுகளைக் காவல் காப்பதில் விராலுக்கு இணை குறைவு. செக்கச்செவேலென்ற குஞ்சுகள் ஒரே திரளாக மேலே மேயும். தாயும் தகப்பனும் அடியிலேயே நிற்கும். அந்தத் திரளுக்கு நடுவே எது விழுந்தாலும் பசியில்லாமலே பாய்ந்து அடிக்கும். இது தெரிந்து, குஞ்சுத் திரளைத் தேடிப்போய்த் தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய் போன அன்றே குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும் இது களவுதான்.

இங்கே சந்தையில் உயிரோடு அண்டாவில் வைத்து அதிக விலைக்கு விற்கிற விராலின் உறவினர்களை அமெரிக்கா குற்றவாளியாக அறிவித்திருக்கிறது. 2002இல் மேரிலாந்தின் க்ராஃப்டன் ஊர்க் குளத்தில் வடக்கு விரால் இனம் பிடிபட்டதும், குளத்துக்கே மருந்து அடித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடை வந்தது. அதற்கு முன்பே, 2000இல், ஃப்ளோரிடாவின் டாமராக் பகுதியில் பெரிய விரால் இனம் ஒன்று குடியேறியிருந்தது தெரியவந்தது. அழிக்க முடியவில்லை என்றானதும் தூண்டில்காரர்கள் அதையும் விளையாட்டு மீனாக்கிக்கொண்டார்கள். எட்டாம் எண் கயிறு, மான்மயிரில் கட்டிய தவளைப் ‘பூச்சி’, பாசியில் சிக்காதபடி முள்ளுக்கு முன்னால் ஒரு காவல் நரம்பு. ஸ்காட்லாந்தில் தொடங்கிய சாஸ்திரம் சுற்றிச் சுற்றி வந்து தவளையில் நின்றது.

நம் இளைஞர்களும் இப்போது ராடும் ரீலுமாகக் கண்மாய்க்கு வருகிறார்கள். பின்னல் நூலின் நுனியில் ரப்பர் தவளை. இரண்டு முள்ளும் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் தாமரை இலைமேல் இழுத்தாலும் மாட்டாது, விரால் கடித்து அமுக்கினால்தான் வெளியே வரும். உயிர்த் தவளை தப்பித்தது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் கரையில் அவ்வப்போது வாய்த்தகராறு வருவது உண்டு. குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு விட்டவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதே முறை.

சேவல் இறகின் கதை பாக்கி இருக்கிறது. தொப்பிகளுக்காகவும் பூச்சிகளுக்காகவும் கப்பல் கப்பலாகப் பறவைத்தோல் போவதைப் பார்த்து, 1902இல் கர்சன் காலத்து இந்திய அரசு பறவைத்தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பிரிட்டன் தன் பக்கம் இறக்குமதித் தடைச் சட்டம் கொண்டுவர 1921 ஆனது. வெடியும் விஷமும் வைத்து மீன்பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இலேயே வந்திருந்தது. மீன்குஞ்சுகளைச் சல்லடை வலையில் வாரி அழிப்பதைப் பற்றித் தாமஸ் போன்றவர்கள் கால் நூற்றாண்டாகப் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுக்கோழிக்குக் கண்ணி வைப்பது குற்றம். 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயம் வந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமானது. இன்று மேல்நாட்டுக் கடையில் சட்டப்படி விற்கும் காட்டுச்சேவல் கழுத்து, அங்கேயே கூண்டில் வளர்த்த பறவையுடையது. ஜாக் ஸ்காட் கட்ட அது போதும்.

போதாதவர்களும் உண்டு. 2009இல் லண்டனில் இசை படித்துக்கொண்டிருந்த எட்வின் ரிஸ்ட் என்ற அமெரிக்கப் புல்லாங்குழல் கலைஞர், டிரிங் அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோனார். சொர்க்கப் பறவை, கோட்டிங்கா, கெட்சால். விக்டோரியா காலத்துப் பூச்சிகளை அச்சு அசலாகக் கட்டுகிற கூட்டத்துக்கு விற்பதற்காக. அந்தக் கூட்டத்தில் மீனே பிடிக்காதவர்கள் ஏராளம்; கட்டிய பூச்சியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

சொன்னேரா வழக்குக்குத் தீர்ப்பு 2008இல் வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று டார்வின் சொன்னது சரி. ஆனால் வீட்டுக்கோழியின் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபணு சிவப்பிலிருந்து வரவில்லை. சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து, மனிதன் வளர்க்கத் தொடங்கிய பிறகு நடந்த கலப்பில் வந்தது. உலகத்தில் எந்தக் கறிக்கடையில் தொங்கும் மஞ்சள் கால் கோழியிலும் தென்னிந்தியக் காட்டின் பங்கு இருக்கிறது. சொன்னேரா முழுக்கத் தோற்கவில்லை.

அடுத்த பகுதியில் வத்திராயிருப்புப் பக்கம் போகிறோம். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகள் வந்த பிறகு கீழே உள்ள கண்மாய்களின் தண்ணீர்க் கணக்கு எப்படி மாறியது என்று பார்ப்போம்.